பன்னிரண்டு கணு

காப்பி ஆறில் ஒன்று, கஞ்சி கால், ஆக ஐந்து கணு போயாயிற்று, மீதி ஏழு. ஏழில் ஒன்றை ராத்திரி மாத்திரைக்கென்று வீட்டில் மூடி வைத்திருக்கிறது, மிச்சம் ஆறு இதோ என் மடியில், பாட்டிலில். சரியாகத்தான் வருகிறது. இருந்தாலும் இன்னொரு தடவை. கட்டைவிரலால் சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தொட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன். விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டும் சேர்ந்தால் ஒரு லிட்டர், அந்த ஒரு லிட்டர்தான் எனக்கு ஒரு நாளைக்கு. சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்ட ஆளுக்கு டாக்டர் அளந்து கொடுத்தது அவ்வளவுதான், அதில் காப்பியும் அடக்கம், கஞ்சியும் அடக்கம், ரசமும் மோரும் மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அடக்கம். லிட்டரில் கால் என்றால் ஒரு விரல் முழுசாகப் போய்விடும். ஆறில் ஒன்று என்றால் இரண்டு கணு. பாட்டிலின் வெளிப்பக்கத்தில் செலின் நகப்பாலிஷால் கோடு கோடாகப் போட்டிருக்கிறாள், ஒரு கோடு ஒரு கணு. அந்தச் செலின்தான் இந்தப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போகிறாள். என் மனைவி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்து, ஒரே திருப்பில் வெளியே கொண்டுவந்து, இப்போது வத்தலக்குண்டு ரோட்டில் விட்டிருக்கிறாள். பக்கத்தில் பழைய டிரைவர் யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளாமல், தனியாக, முதல் தடவை. நான்காவது வரிசையில் இடதுபக்க ஜன்னல் ஓரம் என் இடம். அங்கிருந்து பார்த்தால் உள்கண்ணாடியில் அவளுடைய நெற்றியும் இரண்டு கண்ணும் தெரிகின்றன. கண்கள் ரோட்டில் இருக்கின்றன. என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்றுதான் பேச்சு.

நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினதைப் பிரிக்கும்போது ஒரு சின்னச் சத்தம் வருகிறது, எனக்கு மட்டும் கேட்கிற சத்தம். தாகம் என்று எல்லோரும் சொல்லும் தாகம் வேறு, அது தொண்டையில் இருக்கும், ஒரு செம்பு குடித்தால் போய்விடும். என்னுடையது பல் ஈறிலும் காது மடலுக்குப் பின்னாலும் இருக்கிறது, கண் இமைக்கும்போதுகூட இருக்கிறது. ஜன்னல் வழியாக ஒரு தோட்டத்தில் மோட்டார் தண்ணீர் குழாயிலிருந்து தொட்டியில் வெள்ளையாக விழுவதைப் பார்த்தேன், பார்த்திருக்கக்கூடாது, கண்ணை மூடிக்கொண்டேன், மூடின பிறகும் விழுந்துகொண்டிருந்தது. இந்தத் தொண்டையை வைத்துத்தான் இத்தனை வருஷம் சாப்பிட்டேன். மைக்செட் ஆட்டோவில் உட்கார்ந்து ஊர் ஊராக அறிவிப்புச் சொல்கிறவன் நான். துணிக்கடை திறப்பு, சர்க்கஸ், கோயில் கொடியேற்றம், காணாமல் போன கிழவர், எல்லாம் என் குரலில்தான் தெருவுக்குள் போகும். லூர்துசாமி குரல் கேட்டால் அடுப்பில் இருக்கிற பாலை விட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள் என்று சொல்வார்கள். இப்போதும் மண்டைக்குள் மைக் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரியோர்களே, தாய்மார்களே, இன்று காலை திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் இந்தப் பேருந்தை ஓட்டிக்கொண்டிருப்பவர் வேறு யாருமல்ல. நிறுத்து. சொல்லக்கூடாது. வருவதானால் வாங்க, ஆனால் பின்னால் உட்காரணும், என்னை உற்றுப் பார்க்கக்கூடாது, யார்கிட்டேயும் என்னைப் பற்றிப் பேசக்கூடாது, தண்ணிக் கணக்கை நீங்களே பார்த்துக்கணும், நான் ஸ்டீயரிங்கைப் பிடிப்பேனா உங்க விரலைப் பிடிப்பேனா என்று காலையில் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னாள். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். கடைசியாகச் சொன்னதுதான் அடிவயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. கணக்கை நானே பார்த்துக்கொள்வது.

ஏனென்றால் ஒரு தடவை பார்த்தேன். அவள் பயிற்சிக்காகக் கரூருக்குப் போய்த் தங்கியிருந்த நாட்கள். காலையில் கஞ்சி கால் லிட்டர், காப்பி ஆறில் ஒரு லிட்டர். கூட்டிப் பார்த்தேன். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே நாலும் ஆறும் பத்து, பத்தில் இரண்டு, அதாவது ஐந்தில் ஒன்று. அடேயப்பா, ஐந்தில் நாலு பங்கு இன்னும் இருக்கிறதே என்று மனசு குளிர்ந்துபோய்விட்டது. எட்டாவதோடு நின்ற படிப்பு, பின்னம் என்றால் மேலே ஒன்று கீழே ஒன்று, நடுவில் கோடு, அதற்குமேல் அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது. மீதியைக் குடித்தேன். மறுநாளும் அப்படியே. கால் வீங்கியது, மோதிரம் கழலவில்லை, மூன்றாவது நாள் சாயங்காலம் பாயில் சாய்ந்தால் மூச்சு உள்ளே இறங்கவில்லை, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் இறங்கியது, தலையணையைச் சுவரில் அடுக்கி உட்கார்ந்தபடியே இருந்தேன். நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியைச் சுருட்டி வைத்த மாதிரி. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். மூழ்குவதற்கு ஆறு குளம் வேண்டாம், கூட்டல் தப்பாக இருந்தால் போதும். செலின் கரூரிலிருந்து அப்படியே வந்து நின்றாள். திட்டவில்லை. எவ்வளவு குடிச்சீங்க, எப்படிக் கணக்குப் போட்டீங்க என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "கால் லிட்டரு கஞ்சி குடிச்சீங்க. அதுக்கு மேல காப்பியும் குடிச்சீங்க. ரெண்டும் சேர்ந்து கால் லிட்டரை விடக் கொறஞ்சு போச்சாங்க?" ஐந்தில் ஒன்று காலை விடச் சின்னது. ஆமாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. ஊசி குத்தாத என் வலதுகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பங்கு ஒரே அளவாக இருந்தால்தானே எண்ணிக் கூட்ட முடியும், பெரிய துண்டையும் சின்னத் துண்டையும் கலந்து எண்ணினால் என்ன வரும் என்று சொல்லி, விரல்கணுவில் லிட்டரை வைத்துக் காட்டினாள். கால் மூன்று கணு, ஆறில் ஒன்று இரண்டு கணு. ஐந்து. பன்னிரண்டில் ஐந்து. அன்றைக்கு இயந்திரம் என் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையில் இத்தனை காலமாக ஒரு லிட்டர் இருந்திருக்கிறது.

கியர் மாறுகிறது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. மேட்டில் ஏறும்போது அவள் அவசரப்படவில்லை, வண்டி கேட்கும் வரைக்கும் பொறுத்து, கேட்டவுடன் போட்டாள். இடது முழங்கைக்குக் கீழே ஊசிக்காக ரத்தக்குழாய் இரண்டையும் சேர்த்துத் தைத்த இடம் எப்போதும் துடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே ஒரு வண்டு அடைபட்ட மாதிரி. இப்போது எது அந்தத் துடிப்பு, எது எஞ்சினின் அதிர்வு என்று பிரிக்கத் தெரியவில்லை. நான் படுத்தபோது அவள் ஒரு பள்ளிக்கூட வேனில் ஆயாவாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். டிரைவர் வராத ஒரு நாள் வேனை எடுத்தாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து டிரைவரின் காலைத்தானே பார்த்துக்கொண்டு வருகிறேன் என்றாள். பிறகு லைசென்ஸ், பிறகு கனரக லைசென்ஸ். லாரியை வைத்து எட்டுப் போட்டுக் காட்டிய அன்று மைதானத்தில் இருந்த ஆம்பிளைகள் பீடியை அணைத்துவிட்டுப் பார்த்தார்களாம். நான் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு டயாலிசிஸ். அவளுடைய எதையுமே நான் பார்க்கவில்லை, எல்லாம் கட்டிலில் படுத்தபடி கேள்விப்பட்டதுதான். அதனால்தான் இன்று வந்தேன். வெயில் ஆகாது, அலைச்சல் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வண்டி எங்கேயாவது நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவளும் கேட்டாள். நின்றால் நிற்கட்டும். அவள் ஓட்டுவதை நான் பார்க்க வேண்டும். கையை உள்ளே வை, இடதுகை ஜன்னலில் இடிக்காமல் பார்த்துக்கொள், பாட்டிலை இறுக்கிப் பிடி.

செம்பட்டியில் ஒரு ஆத்தா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சியம்மாள் என்று பேர், கேட்காமலே சொன்னாள், மகள் வீட்டு விசேஷத்துக்குப் போகிறாளாம், கூடை நிறையப் பலகாரம். உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் முன்னால் பார்த்தாள், பார்த்ததும் கூடையை இறுக்கிக்கொண்டாள். பொம்பளைப் பிள்ளையா ஓட்டுது தம்பி, தெரிஞ்சிருந்தா அடுத்த வண்டிக்கு வந்திருப்பேனே என்று என் காதில் சொன்னாள். கண்டக்டர் தங்கவேலுக்குக் கேட்டிருக்கும், அவர் சிரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. ஆத்தா, அந்தப் பிள்ளை. நிறுத்து, வாக்குக் கொடுத்திருக்கிறாய். ஊர் முழுக்க அடுத்தவன் பெருமையைப் பேசின வாய் சொந்தப் பெருமையை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் தாகம் எடுக்கிறது. பேச்சியம்மாள் ஒவ்வொரு வளைவுக்கும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தாள், ஒவ்வொரு வளைவு முடிந்ததும் விட்டாள். சில வளைவுக்குப் பிறகு பிடிக்க மறந்துவிட்டாள். நான் கவனித்தேன். அவள் கவனிக்கவில்லை. புளியமரங்களுக்கு மேலே கொடைக்கானல் மலை நீலமாக நின்றது. பாதி தூரம் தாண்டியாயிற்று. பாதி தூரம் தாண்டியும் பாட்டிலில் ஆறு கோடும் அப்படியே இருக்கின்றன, ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. இதையும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

பிறகு வண்டி நின்றது. ஸ்டாப்பில் நிற்கிற நிற்பு இல்லை, எஞ்சினையும் அணைத்துவிட்டாள். முன்னால் ஒரு வைக்கோல் லாரி அச்சு முறிந்து நடுரோட்டுக்குச் சாய்ந்து நிற்கிறது, ரோட்டை விட அதிக அகலத்துக்கு வைக்கோல் ஏற்றியிருந்ததில் பாதி கீழே சரிந்து கிடக்கிறது. லாரி டிரைவர் ஜாக்கியில் கையைக் கிழித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார். செலின் இறங்கிப் போய்த் தன் பாட்டில் தண்ணீர் முழுவதையும் அவர் கையில் ஊற்றிக் கழுவிவிட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவ்வளவு தண்ணீரையும். எனக்கு எதிரே கம்பியில் வெயில் வழிந்துகொண்டிருந்தது. ஓடும்போது காற்று இருந்தது, நின்ற பிறகு பஸ் அடுப்பாகிவிட்டது. வண்டி எங்கேயாவது நின்றுவிட்டால். நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை. நெஞ்சு படபடக்கிறது, அது வெயிலா பயமா, வெயிலென்றால் குடிக்க வேண்டும், பயமென்றால் குடிக்கக் கூடாது. ஒரு கோடு குடித்தேன். ஒரு கோடுதான், நாக்கில் நிறுத்தி, கன்னத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அனுப்பி, தொண்டைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். காலையில் ஐந்து கணு, இப்போது ஒன்று, ஆறு. பன்னிரண்டில் ஆறு, பாதி நாள் முடிந்தது, பாட்டிலில் ஐந்து, வீட்டில் ஒன்று. சரி. பயப்படாதே. அந்த நேரத்தில் பேச்சியம்மாள் ரோட்டோரப் பெட்டிக்கடையிலிருந்து இரண்டு பன்னீர் சோடாவோடு வந்தாள். வேண்டாம் ஆத்தா என்றேன். முகம் இப்படிக் கருத்துப் போயிருக்கு, எனக்கும் ஒரு மகன் இருக்கான், குடி தம்பி என்று கையில் திணித்துவிட்டாள்.

கையில் ஐஸ். கண்ணாடிக்கு வெளியே வியர்த்த நீர் என் ரேகைகளுக்குள் ஓடுகிறது. மூடியைத் திறந்துவேறு கொடுத்திருக்கிறாள், பன்னீர் வாசம் மூக்கில் ஏறுகிறது, உள்ளே சின்னச் சின்னக் குமிழி ஒன்றன்பின் ஒன்றாக மேலே வருகிறது. இருநூறு மில்லி என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறது. லிட்டரில் ஐந்தில் ஒன்று. சோடாவாகக் குடிப்பதைத் தண்ணீரில் கழித்துவிட்டால் போதும், தப்பில்லை, இது செலினே சொன்னதுதான். கழி. ஐந்தில் ஒன்று எத்தனை கணு? சுண்டுவிரல், மூன்று. மோதிரவிரல், மூன்று. பன்னிரண்டை ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு, பத்து போக இரண்டு மிஞ்சுகிறது. இரண்டு கணுவும் இன்னும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு? கையில் ஐந்து என்கிற பங்கு இல்லையே. கால் இருக்கிறது, அரை இருக்கிறது, மூன்றில் ஒன்று இருக்கிறது, ஐந்தில் ஒன்று இல்லை. அந்தக் கொஞ்சத்தை விட்டுவிடலாமா, கொஞ்சம்தானே. கொஞ்சம்தான் அன்றைக்கும். ஈரத்துணி நெஞ்சுக்குள் சுருள்வது மறுபடி ஞாபகம் வருகிறது, சுவரில் சாய்த்த தலையணை, மூச்சுக்குத் திறந்த வாய். உள்கண்ணாடியில் அவள் கண்ணைத் தேடினேன். டிரைவர் சீட்டு காலி. அவள் கீழே ரோட்டில் நிற்கிறாள். கேட்க முடியாது. கேட்கவும் கூடாது. பங்கு ஒரே அளவாக இருந்தால்தானே எண்ணிக் கூட்ட முடியும். ஒரே அளவு. கணு பெரிதாக இருக்கிறது, அதனால்தான் இடிக்கிறது. கணுவை உடைத்தால் என்ன? ஒவ்வொரு கணுவையும் ஐந்து துண்டாக உடைத்தால்? பன்னிரண்டு ஐந்து அறுபது. லிட்டர் இப்போது அறுபது துண்டு. அறுபதில் ஐந்தில் ஒன்று பன்னிரண்டு. துல்லியமாகப் பன்னிரண்டு, மிச்சமில்லை, கொஞ்சமில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, இது கையிலும் இல்லை, நானே கையைத் தாண்டிப் போய் எடுத்தேன். முழுசும் குடித்தால் பன்னிரண்டு துண்டு, பாதி குடித்தால் ஆறு. பாதி. ஆறு துண்டு என்றால் ஒரு கணுவும் இன்னொரு கணுவில் ஐந்தில் ஒன்றும். அவ்வளவையும் பாட்டிலில் நான் தொடாமல் விட வேண்டும். இன்னொரு வழியாகவும் பார். காலையில் இருபத்தைந்து துண்டு, பாட்டில் தண்ணீர் ஐந்து, சோடா ஆறு, முப்பத்தாறு. அறுபதில் போக இருபத்துநாலு. மாத்திரைக்கு ஐந்து ஒதுக்கினால் பத்தொன்பது. பாட்டிலில் இருப்பது இருபத்தைந்து. இருபத்தைந்தில் பத்தொன்பது போனால் ஆறு. இந்த வழியில் வந்தாலும் ஆறு, அந்த வழியில் வந்தாலும் ஆறு. அப்புறம்தான் சோடாவை வாயில் வைத்தேன். பாதி குடித்தேன், நிறுத்தினேன், நிறுத்த முடிந்தது. மீதியை இறங்கிப்போய்க் கடைக்கு முன்னால் கையில் துணி சுற்றி உட்கார்ந்திருந்த லாரி டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். பன்னீர் வாசம் மூக்கிலேயே தங்கிவிட்டது. கணக்குச் சரியாக வந்த ருசி அது என்று இனிமேல் நினைத்துக்கொள்வேன்.

அதற்குள் கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிரிலும் பின்னாலும் வண்டிகள். கார்க்காரர், டிராக்டர்காரர், பைக்கில் வந்த இரண்டு பேர், எல்லோரும் செலினைச் சுற்றி நின்று பேசுகிறார்கள். பின்னாலேயே எடுத்துச் செம்பட்டிக்குப் போய்விடு என்கிறார் ஒருவர், அதெல்லாம் இந்த அம்மாவுக்கு ஆகாது, சாவியைக் கொடு நான் எடுக்கிறேன் என்கிறார் இன்னொருவர். நானும் போய்க் கொஞ்சம் தள்ளிப் புளியமர நிழலில் நின்றேன். அவள் சரிந்த வைக்கோலைக் கட்டியிருந்த ஒரு பிரிக்கயிற்றை உருவினாள். கண்டக்டர் தங்கவேலை ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லிப் பஸ்ஸின் முகத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் அளந்து முடிச்சுப் போட்டாள். அதைக் கொண்டுபோய் லாரிக்கும் இடதுபக்க வாய்க்கால் கரைக்கும் நடுவில் பிடித்தாள். முடிச்சுக்கு அப்பால் ஒரு சாண் மிஞ்சியது. இடைவெளியில் பஸ்ஸைக் கழித்தால் ஒரு சாண், அதில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். நான் மனசுக்குள் கழித்து முடிப்பதற்குள் அவள் கரை மண்ணைக் குதிகாலால் மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பஸ்ஸில் இருந்தவர்களை எல்லாம் இறங்கச் சொல்லிவிட்டு ஏறிச் சீட்டில் உட்கார்ந்தாள். கூட்டம் கலையவில்லை. லெப்ட்ல ஒடி, ரைட்ல ஒடி, பொறு, வா என்று ஆளுக்கொரு குரல், அத்தனை குரலிலும் தங்கவேலின் விசில் அவளுக்குக் கேட்காது. கேட்காவிட்டால் அரைச் சாண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், வாய்க்காலுக்குத்தான் போகும். என்னைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்றுதானே சொன்னாள், பேசவே கூடாது என்று சொல்லவில்லையே. நடுரோட்டுக்கு வந்தேன். தொண்டை வருகிறதா என்று தெரியாது. அடிவயிற்றிலிருந்து எடுத்தேன், மைக் இல்லாமல். "பெரியவங்க எல்லாரும் ரோட்டை விட்டு இறங்கி நில்லுங்க. ஒருத்தரும் பேச வேண்டாம். விசில் மட்டும்தான் கேக்கணும். டிரைவருக்கு வழி தெரியும்." அது என்னுடைய பழைய குரல்தான். கட்டிலில் படுத்த நாளிலிருந்து நான் கேட்காத குரல். டிராக்டர்காரர் வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டு ஓரத்துக்குப் போனார். எல்லோரும் போனார்கள். தூரத்தில் கரிச்சான் கத்துவது கேட்டது.

பஸ் நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்ல முடியாது, சக்கரத்தைப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவு. பக்கக் கண்ணாடி இரண்டையும் மடக்கியிருந்தாள். லாரிப் பக்கம் வைக்கோல் தகரத்தில் உரசும் ஓசை, சீவும் ஓசை. இடது பின்சக்கரம் கரை ஓரத்துக்கு வந்தபோது மண் கொஞ்சம் உதிர்ந்து வாய்க்காலில் விழுந்தது, விழுந்த இடத்தில் தண்ணீர் வட்டமிட்டது. தங்கவேல் விசிலை நிறுத்தினார். அவள் நிறுத்தினாள். இடதுபக்க ஜன்னலுக்கு வந்து தலையை நீட்டி மண்ணைப் பார்த்துவிட்டுச் சீட்டுக்குத் திரும்பினாள். நான் மூச்சு விடவில்லை, மூச்சு விடாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான், ஆனால் அது வேறு, அன்றைக்கு மூச்சு வரவில்லை, இன்றைக்கு நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன், விடவா என்று அது கேட்கிறது, பொறு என்கிறேன். ஸ்டீயரிங்கை ஒரு பிடி வலதுபக்கம் திருப்பினாள். விசில். சக்கரம் ஏறியது. முன்பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது, மிச்சக் காலும் வைக்கோலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை. அந்தப் பக்கம் போய் நின்று ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்தாள், ஏறுங்கள் என்று. யாரோ கை தட்டினார்கள், பிறகு நிறையப் பேர் தட்டினார்கள். நான் தட்டவில்லை. வலதுகையில் பாட்டில் இருந்தது, இடதுகையைத் தட்டக்கூடாது. எனக்கு அழுகை வந்தது, அழுதால் எத்தனை துண்டு போகும் என்று ஒரு யோசனையும் கூடவே வந்தது, அதை நினைத்துச் சிரிப்பும் வந்தது. உடம்பிலிருந்து போகிற தண்ணீர் எனக்கு லாபம்தான். அழுதேன்.

பேச்சியம்மாள் என்னைக் கைபிடித்து ஏற்றிவிட்டு, என்ன தம்பி, பயந்துட்டியா என்று கேட்டாள். ஆமாம் ஆத்தா என்றேன். நான் பயப்படலை, அந்தப் பிள்ளை கயிறு வச்சு அளந்தப்பவே தெரிஞ்சுபோச்சு என்றாள். யார் பெத்த மகளோ, கட்டினவன் குடுத்து வச்சவன் என்று சொல்லிக்கொண்டே கூடையைத் திறந்து ஒரு அதிரசத்தை எடுத்துத் தின்னத் தொடங்கினாள். கட்டினவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வத்தலக்குண்டு வரைக்கும் மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. தாகம் இருந்தது, போகவில்லை, அது போகாது. ஆனால் தாகத்துக்குப் பக்கத்தில் வேறொன்றும் உட்கார்ந்திருந்தது. ஐந்தில் ஒன்றை நான் உடைத்தேன், கூட்டத்தை என் குரல் ஒதுக்கியது, அவள் ஒரு சாணைக் கச்சிதமாகப் பங்கிட்டாள். இதில் எது எவ்வளவு பெருமை என்று கூட்டிப் பார்க்க ஒரே அளவுப் பங்கு கிடைக்கவில்லை. தேடவும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கினார்கள். இறங்கும்போது சிலர் அவளிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள், பேச்சியம்மாள் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். வண்டி காலியான பிறகும் செலின் ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து என் சீட்டுக்கு வந்தாள். காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. காலையிலிருந்து அவள் ஒரு சொட்டும் குடித்திருக்கமாட்டாள், குடிக்க இருந்ததைத்தான் லாரிக்காரர் கையில் ஊற்றிவிட்டாளே.

பாட்டிலை நீட்டினேன். "ஒரு கோடு, அதுக்கு மேல அடுத்த கோட்டுல அஞ்சுல ஒண்ணு. அது உனக்கு. மத்ததுதான் என்னோடது."

சோடா குடிச்சீங்களா என்று கேட்டாள். கீழே ரோட்டில் நின்றுகொண்டிருந்தவள் அதையும் பார்த்திருக்கிறாள். பாதி என்றேன். அடுத்து என் கையை எடுப்பாள், கணுவைத் தொடுவாள், காப்பியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வாள். தினமும் அப்படித்தான், நான் எவ்வளவு சொன்னாலும் அவள் ஒரு தடவை கூட்டிப் பார்க்காமல் விடமாட்டாள். எழுந்து நின்று தயாராக இருந்தேன். இரண்டு வழியிலும் ஆறு வந்ததைச் சொல்ல வேண்டும், பன்னிரண்டு கணுவை எப்படி உடைத்தேன் என்று சொல்ல வேண்டும். அவள் மூடியைத் திறந்தாள். அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொண்டாள். அவள் தொண்டையில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அடுத்தவர் குடிப்பதை இப்படி முகத்தைத் திருப்பாமல் பார்த்து எத்தனை நாளாயிற்று. கோடும் அதற்கு மேல் கொஞ்சமும் இறங்கியதும் நிறுத்தி, மூடியைத் திருகி, என் கையில் கொடுத்துவிட்டு வண்டி வந்த நேரத்தைக் குறித்து வாங்க ஆபீஸைப் பார்த்து நடந்தாள். அறுபது துண்டையும் வரிசையாக வைத்துக்கொண்டு நான் நின்றேன். அவள் கணக்கைக் கேட்கவே இல்லை.